பழைய காருக்கு சில்வர் மேட்ச் செய்வது எப்படி: பெயிண்ட் கோடு தேடுவதிலிருந்து கிளியர் அடிப்பது வரை

சிவப்போ வெள்ளையோ என்றால் கடையில் கலந்து வாங்கி வந்து அடித்துவிடலாம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். சில்வர் அப்படி விடாது. ஒரே டப்பாவிலிருந்து ஊற்றி, ஒரே ஸ்ப்ரே கன்னில் இரண்டு பெயிண்டர்கள் அடித்தால் இரண்டு சில்வர் வரும். காலையில் அடித்த கதவும் உச்சி வெயிலில் அடித்த மட்கார்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வேறு வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த மாதிரி இருக்கும்.

சில்வர் பெயிண்டுக்குள் சாயம் குறைவு, அலுமினியச் செதில்கள்தான் அதிகம். பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான் அளவில் இருக்கும். அவை தட்டையாகப் படுத்துவிட்டால் நேராகப் பார்க்கும்போது பளிச்சென்றும், சாய்வாகப் பார்க்கும்போது இருட்டாகவும் தெரியும். தாறுமாறாக நின்றுவிட்டால் நேர்ப்பார்வை மங்கும், பக்கப்பார்வை வெளுக்கும். எப்படிப் படுக்க வேண்டும் என்பதை காற்றழுத்தமும் தின்னரும் கையின் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பெயிண்ட் கோடுக்கு, அதாவது நிறத்துக்குக் கம்பெனி தரும் எண்ணுக்கு, அதில் பங்கே இல்லை. அதனால்தான் "கோடு சரியாத்தான் சார் கொடுத்தேன்" என்று கடைக்காரர் சொல்வதும் உண்மையாக இருக்கும், கதவு மேட்ச் ஆகாததும் உண்மையாக இருக்கும்.

விளக்க வசதிக்காக மெர்சிடிஸ் பென்ஸை எடுத்துக்கொள்கிறேன். பழைய கார் உலகில் சில்வருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கஷ்டம். முறை எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான்.

முழு வண்டியா, ஒரு பகுதியா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேலைகள்.

முழு வண்டியையும் உரித்து அடிப்பதாக இருந்தால், அந்தக் காலத்து சாயலுக்கு நெருங்கினால் போதும். பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேறு பேனல் கிடையாது. வண்டி முழுக்க ஒரே மாதிரி வருவதுதான் அங்கே சவால். ஒரு மட்கார்டு, ஒரு கதவு மட்டும் என்றால் நிலைமை தலைகீழ். தொழிற்சாலை நிறம் என்ன என்பதே தேவையில்லை. இன்று அந்த வண்டியின் மேல் இருக்கிற, வெயிலில் காய்ந்த, யாரோ ஒருமுறை ரப்பிங் போட்ட அந்த நிறத்துக்குத்தான் மேட்ச் செய்ய வேண்டும்.

கோடு எங்கே இருக்கும்?

மெர்சிடிஸில் 1976 முதல் 1985 வரை பரவலாக ஓடிய டபிள்யூ 123 என்றால், பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் மூன்று இலக்கப் பெயிண்ட் எண் பொறித்திருக்கும். அதற்கு முந்தைய, பகோடா என்று அழைக்கப்படும் டபிள்யூ 113 (1963–1971) மாடலுக்கும் எஞ்சின் அறைக்குள் தகடு உண்டு. தகடு இல்லை, அல்லது சந்தேகம் என்றால் டேட்டா கார்டைப் பாருங்கள். வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது எந்த நிறம், எந்தத் தோல், என்னென்ன வசதிகள் என்று எழுதிய அட்டை அது. வாங்கியவர்கள் கைமாற்றிக் கொடுத்திருந்தால் நல்லது. தகட்டை மட்டும் நம்பாமல் இரண்டையும் ஒத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு முன்பக்கச் சட்டத்தையே மாற்றிய வண்டிகள் இருக்கின்றன.

எண்கள் மூன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 180 என்பது சில்பர்கிராவ், அதாவது வெள்ளிச் சாம்பல். 1950-களின் 300 எஸ்எல் கல்விங் காரிலிருந்து பகோடா காலம் தாண்டியும் ஓடிய நிறம். 735 என்பது ஆஸ்ட்ரல் சில்வர், டபிள்யூ 123 வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். 744 என்பது பிரில்லியன்ட் சில்வர், பிற்காலத்தது. மூன்றும் சில்வர்தான், மூன்றும் ஒன்றல்ல. 180-இல் சாம்பல் தூக்கலாக இருக்கும். 744 பளீரென்று இருக்கும். பகோடாவுக்கு 744 அடித்து நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வண்டி புதுசு மாதிரி இருக்கும், பகோடா மாதிரி இருக்காது.

ஒளிந்திருக்கும் பழைய பெயிண்டைத் தேடுங்கள்

எண் கிடைத்தபின் நேராகக் கடைக்கு ஓடாதீர்கள். வெயில் படாத இடத்தில் அசல் பெயிண்ட் இன்னும் உயிரோடு இருக்கும். டிக்கி உள்பக்க அட்டையைக் கழற்றினால் கிடைக்கும். கதவு டிரிம்மின் பின்னால், கண்ணாடி ரப்பரை உருவிய இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியில், பெட்ரோல் மூடிக்கு உள்ளே என்று வரிசையாகப் பாருங்கள். ஆனால் எஞ்சின் அறையையும் டிக்கித் தளத்தையும் தரச்சான்றாக எடுக்காதீர்கள். அங்கே பல தொழிற்சாலைகளில் கன் ஓட்டம் மெலிதாகத்தான் இருக்கும், வெளிப்பூச்சின் பளபளப்பு வந்திருக்காது.

கிடைத்த இடத்தை சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கியால் துடைத்து, மெல்லிய பாலிஷ் கொண்டு ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேயுங்கள். வெள்ளைத் துணியில் தேயுங்கள், துணி ஒரு சேதி சொல்லும். துணியில் சாம்பல் கறை ஏறினால் மேலே கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு இல்லை. அது செதிலும் பளபளப்பும் ஒரே பூச்சில் வந்த பழைய சிங்கிள் ஸ்டேஜ். கறை ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. சிங்கிள் ஸ்டேஜ் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க அலுமினியச் செதிலையே வெட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்த இடம் கறுத்துத் திட்டாகிவிடும். பழைய சில்வர் கார்களின் பானெட்டில் காரணம் தெரியாத இருட்டுத் திட்டுகள் இருந்தால், அது முன்னாள் ஓனரின் ரப்பிங் ஆர்வமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் என்ன கேட்பது?

ஒரே எண்ணுக்கு ஒரே ஃபார்முலா என்று நினைக்காதீர்கள். அடிப்படை ஃபார்முலாவோடு நீலம் தூக்கல், மஞ்சள் தூக்கல், செதில் பெரியது, செதில் சிறியது என்று மாற்று வடிவங்களை பெயிண்ட் கம்பெனிகள் வைத்திருக்கும். அந்த மாற்று அட்டைகளைக் கேட்டு வாங்கி, நீங்கள் தேய்த்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் செதில், பிறகு சாயல். நேர் வெயிலில் ஒரு முழம் தள்ளி நின்று மினுமினுப்பின் அளவைப் பாருங்கள்: பொடியாக மாவு போலத் தெரிகிறதா, தனித்தனிப் புள்ளியாகத் தெறிக்கிறதா? செதில் தவறாக இருந்தால் எந்தச் சாயத்தைச் சேர்த்தும் சரி செய்ய முடியாது. பழைய பெயிண்டுகளில் இருந்தவை ஓரம் ஒழுங்கில்லாத செதில்கள், தொழிலில் கார்ன்ஃபிளேக் என்பார்கள். ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும், ஆகவே சில்வர் சற்று சாம்பலாகவும் அமைதியாகவும் இருக்கும். பிற்பாடு வந்த சில்வர் டாலர் வகை வட்டமாக, வழவழப்பாக இருக்கும். நேரில் கண்ணைப் பறிக்கும், சாய்த்தால் சட்டென்று இருளும். புதுக் காரின் சில்வரைப் பழைய காரில் பூசினால் ஒட்டாமல் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கடைக்காரரிடம், "பழைய வகை, பளபளப்பு குறைந்த செதிலில் இந்தக் கோடுக்கு மாற்று இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

சில கடைகளில் நிறம் அளக்கும் கருவி இருக்கும். ஒரே கோணத்தில் அளப்பது என்றால் சில்வருக்கு அது பயன்படாது. 15, 45, 110 டிகிரி என்று குறைந்தது மூன்று கோணங்களில் அளக்க வேண்டும். நல்ல கருவிகள் ஐந்து, ஆறு கோணங்கள் பார்த்து, மினுமினுப்பையும் துகள் தன்மையையும் சேர்த்து அளக்கும். அளக்கும் இடம் தட்டையாக, பாலிஷ் செய்ததாக இருக்கட்டும். கருவி தரும் ஃபார்முலாவை ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு உங்கள் டெஸ்ட் கார்டு, அதாவது நீங்கள் அடித்துப் பார்க்கும் மாதிரி அட்டை, சொல்லட்டும்.

முழு வண்டி என்றால் தேவைக்கு மேல் ஒரு லிட்டராவது கூடுதலாக, ஒரே முறையில் கலந்து வாங்குங்கள். இரண்டு மூன்று டப்பாக்களாக வந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி மறுபடி பிரித்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் போய் "அதே மாதிரி இன்னும் ஒரு லிட்டர்" என்று நின்றால் அதே மாதிரி வராது.

டெஸ்ட் கார்டு: இங்கேதான் மேட்ச் நடக்கிறது

விரலால் தொட்டுப் பூசிப் பார்ப்பது, குச்சியில் வழிய விட்டுப் பார்ப்பது எல்லாம் சில்வருக்கு வீண். வண்டிக்கு எந்தக் கன், எந்த நாசில், எந்த அழுத்தம், எந்த தின்னரோ, அதையே கொண்டு தகட்டில் அல்லது கார்டில் அடித்துப் பார்க்க வேண்டும். கார்டை செங்குத்தாக நிறுத்தி, வண்டியை அடிக்கும் அதே வீச்சில் அடியுங்கள். மேசையில் படுக்கவைத்து அடித்த கார்டு பொய் சொல்லும்.

கார்டின் கீழே பிரைமர், வண்டிக்குப் போடப்போகும் அதே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். மேலே கிளியரும் கட்டாயம். கிளியர் ஏறியதும் சில்வர் ஆழமாகி ஒரு படி இருண்டு தெரியும். கிளியர் இல்லாத கார்டை வைத்து முடிவெடுத்தால் வெளுப்பான பெயிண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு பின்னால் வருந்துவீர்கள். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் எத்தனை கோட் (பூச்சு), அழுத்தம், எந்த தின்னர், அன்றைய வெப்பம் என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். பத்து நிமிடத்தில் எது எதுவென்று மறந்துபோகும்.

பார்க்கும் இடத்திலும் ஒரு கண் வைக்க வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் அடியில் எந்த சில்வரும் நீலமாகத்தான் தெரியும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்தால் கார்டில் சிவப்புச் சாயல் விழும். வெளியே எடுத்து வந்து நேர் வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை, வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் ஒரு முறை பாருங்கள். சாயங்கால மஞ்சள் வெயிலில் முடிவெடுக்க வேண்டாம். கார்டைப் பேனலோடு ஒட்டி, அதே சாய்வில் பிடியுங்கள். நேராக நின்று பாருங்கள், ஓரடி நகர்ந்து பாருங்கள், அப்புறம் வண்டியின் மூலைக்குப் போய்ப் பேனலின் நீளவாட்டில் பாருங்கள்.

கண்ணில் படும் தவறை இப்படிப் படியுங்கள். நேரில் வெளுப்பு, பக்கத்தில் இருட்டு என்றால் பெயிண்ட் உலர்வாகப் போயிருக்கிறது: கன் தூரம் அதிகம், அழுத்தம் அதிகம், தின்னர் வேகமாகப் பறக்கிறது, அல்லது கை வேகமாக ஓடுகிறது. நேரில் இருட்டு, பக்கத்தில் வெளுப்பு என்றால் ஈரமாகப் போயிருக்கிறது. பூச்சு நெடுநேரம் ஈரமாகவே இருப்பதால் செதில்கள் நகர்ந்து தாறுமாறாக நிற்கின்றன. இரண்டும் சாயத்தால் வரும் கோளாறு இல்லை. கன்னால் வந்தது, கன்னால்தான் சரியாகும். சாயத்தில் கை வைக்கும் முன் இதைத் தீர்த்துவிடுங்கள்.

சென்னை வெயிலில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். பெயிண்ட் கம்பெனிக் குறிப்புகள் 20 முதல் 25 டிகிரியை மனதில் வைத்து எழுதியவை. 36 டிகிரியில் அதே தின்னரைப் பயன்படுத்தினால் துளிகள் பேனலைத் தொடுவதற்குள் பாதி உலர்ந்துவிடும், சில்வர் வெளுத்துச் சொரசொரப்பாக வரும். மெதுவாகப் பறக்கும் தின்னர் வாங்குங்கள், முடிந்தால் காலை எட்டு மணிக்குள் அடித்து முடியுங்கள். மழைக் காலத்தில் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிப்பவர்களுக்கு வேறு தொல்லை: ஈரக்காற்றில் பூச்சு வெண்மேகம் கட்டிக்கொள்ளும்.

கன்னைச் சரிசெய்த பிறகும் இரண்டு பார்வையும் ஒரே பக்கம் தப்பினால் அப்போதுதான் சாயம். கறுப்பு ஒரு துளி இரண்டு பார்வையையும் இருட்டாக்கும். வெள்ளை சேர்த்தால் பக்கப்பார்வை வெளுக்கும், ஆனால் நேர்ப்பார்வையின் மினுமினுப்பை அது தின்றுவிடும். எனவே பயந்து பயந்து சேர்க்க வேண்டியது. பக்கப்பார்வையை மட்டும் சரிசெய்யவே ஃபிளாப் கண்ட்ரோலர் என்று தனிப் பொருள் சில பெயிண்ட் வரிசைகளில் உண்டு, அது கிடைத்தால் வெள்ளையை விட நல்லது. எதைச் சேர்த்தாலும் 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, எழுதி வைத்து, புதுக் கார்டு அடித்துப் பார்த்து, அப்புறம் அடுத்த துளி.

பிரைமரும் உப்புத்தாளும்

பகோடாவின் பானெட், டிக்கி, கதவுகளின் வெளித்தகடு எல்லாம் அலுமினியம், மீதி எஃகு. இரண்டின் மேலும் எப்பாக்ஸி பிரைமர் போட்டு, அதன் மேல் முழுக்க ஒரே சாம்பல் நிற பிரைமர் சர்பேஸர் அடித்துவிடுங்கள். ஒரு பேனல் வெள்ளைப் பிரைமர், ஒரு பேனல் கறுப்புப் பிரைமர் என்று போட்டால் மெலிதாக விழுந்த இடத்தில் வித்தியாசம் எட்டிப்பார்க்கும். பட்டி போட்ட இடத்தை நன்றாக மூடுங்கள்.

கடைசித் தேய்ப்பு 500 அல்லது 600 நம்பர் தாளில். 320-ஓடு நிறுத்தினால் கீறலுக்குள் செதில்கள் வரிசை பிடித்து உட்கார்ந்துகொண்டு, கிளியர் அடித்த பிறகு கோடு கோடாகத் தெரியும். வேறு நிறத்தில் மறையும் கீறல் சில்வரில் மறையாது.

அடிக்கும் நாள்

கழற்றிய கதவையும் பானெட்டையும் தனித்தனியாக மேசையில் படுக்கவைத்து அடிப்பது பழக்கத்தில் இருக்கிறது. சில்வருக்கு அது ஆகாது. படுத்த பேனலில் செதில் ஒரு விதமாகவும் நின்ற பேனலில் வேறு விதமாகவும் அமரும். உள்பக்கங்களை முதலில் தனியாக முடித்துக்கொண்டு, வெளிப்பக்கத்துக்கு எல்லாவற்றையும் வண்டியில் மாட்டி, அல்லது மாட்டியிருக்கும் அதே வாக்கில் தொங்கவிட்டு, ஒரே நாளில், ஒரே கையால் அடியுங்கள். சக்கர மூடிகள் வண்டி நிறத்தில் வருவது இந்த மெர்சிடிஸ்களின் அழகு. அவற்றையும் அன்றே சேர்த்துவிடுங்கள்.

பெயிண்டை வடிகட்டி ஊற்றுங்கள். அலுமினியம் அடியில் போய் உட்காரும் என்பதால் கப்பை அடிக்கடி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எச்.வி.எல்.பி. கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடுவது), 1.3 நாசில், கன்னின் வாயிலில் 26 முதல் 29 பி.எஸ்.ஐ., 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் முக்கால்வாசியை மூடிக்கொண்டு போகட்டும். இரண்டு மிதமான கோட், இடையில் பளபளப்பு போய் மங்கும் வரை காத்திருப்பு. மூன்றாவதாக, அழுத்தத்தைக் குறைத்து, கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தூறல் போல ஒரு டிராப் கோட். பட்டை பட்டையாக, மேகம் மேகமாகத் தெரிந்த இடங்களை இதுதான் சமன் செய்யும். டிராப் கோட் அடிப்பதாக இருந்தால் டெஸ்ட் கார்டிலும் அடித்திருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

தூசி விழுந்தால் காய்ந்த பிறகு மெல்லத் தேய்த்துவிட்டு அந்த இடத்துக்கு மேல் மறுபடி சில்வர் போட வேண்டும். தேய்த்த இடத்தை அப்படியே கிளியரால் மூடினால் கறுப்புப் புள்ளியாக நிற்கும்.

ஹார்டனர் கலந்த டூ-கே கிளியரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும், வந்தால் போகாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடிதான் சரி. அதற்கு வழியில்லை என்றால் கிளியர் வேலையை அது இருக்கிற பெயிண்ட் பூத்தில் கொடுத்துவிடுவது மேல்.

ஒரு பேனல் மட்டும் என்றால்: பக்கத்துப் பேனலில் கரைப்பது

எவ்வளவு நல்ல மேட்ச் என்றாலும் பேனல் விளிம்பில் சில்வரை நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். கண்ணுக்குக் கோடு கிடைத்துவிட்டால் உடனே ஒப்பிடும். முன் மட்கார்டு மாற்றினால் கதவின் பாதி வரை சில்வரை மெல்ல மங்கவிட வேண்டும், கதவு முழுக்கக் கிளியர் அடிக்க வேண்டும்.

கதவை 800 முதல் 1000 நம்பர் தாளில் அல்லது சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டில் தேயுங்கள், அதற்கு மேல் முரட்டுத்தனம் கூடாது. கரைய வேண்டிய இடத்தில் முதலில் நிறமில்லாத பிளெண்டரை ஈரமாகப் போடுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே சில்வரை மட்கார்டிலிருந்து கதவுக்குள் கொண்டுபோய், ஒவ்வொரு கோட்டையும் முந்தையதை விட ஒரு சாண் தள்ளி முடியுங்கள். பிளெண்டர் இல்லாமல் உலர்ந்த பேனலில் மங்கவிட்டால் ஓரத்தில் செதில்கள் நிமிர்ந்து நின்று, சாய்த்துப் பார்க்கும்போது விளிம்பு ஒன்று தனியாகத் தெரியும். கையை மணிக்கட்டில் வளைத்து விசிறாமல், டிரிகரை மெல்ல விட்டு விட்டு ஓட்டுங்கள்.

கிளியர் இல்லாத பழைய சிங்கிள் ஸ்டேஜ் வண்டியில் இது இன்னும் கஷ்டம். பக்கத்துப் பேனலில் கிளியர் ஏறியதும் அந்தப் பேனல் மட்டும் ஆழமாகத் தெரியும். பக்கவாட்டு முழுவதையும், முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை, ஒரே வேலையாக எடுத்துக்கொள்வதுதான் என் சிபாரிசு. செலவு கூடும், ஆனால் இரண்டாம் முறை செய்வதற்கு ஆகும் செலவை விடக் குறைவு.

கிளியர்

சில்வர் முழுவதும் மங்கிக் காய்ந்த பிறகே கிளியர். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் கனமாக முதல் கோட் போட்டால் கீழே இருக்கும் செதில்கள் நகர்ந்து, கஷ்டப்பட்டு சமன் செய்த மேகமெல்லாம் திரும்ப வந்துவிடும். ஒட்டுத்துணியால் துடைக்கும்போதும் அழுத்தாதீர்கள். முதல் கோட் மிதமாக, இரண்டாவது முழு ஈரமாக. மொத்தம் 40 முதல் 60 மைக்ரான் போதும்.

நான்கைந்து கோட் கிளியர் போட்டுக் கண்ணாடி போல மின்ன வைப்பது இப்போதைய மோகம். 1960-களின் காருக்கு அது பொருந்தாது. அந்தக் காலத்துப் பெயிண்டுக்கு அவ்வளவு ஆழம் கிடையாது. இரண்டு கோட்டோடு நிறுத்தி, நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டு, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளத்தை மட்டம் செய்து பாலிஷ் போட்டால் அசலுக்கு நெருக்கமாக இருக்கும்.

மீந்த சில்வரை, ஹார்டனர் சேராததை மட்டும், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஃபார்முலாச் சீட்டையும் ஜெயித்த டெஸ்ட் கார்டையும் அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். டப்பாவின் மேல் தேதி, தின்னர் விகிதம், அழுத்தம் எழுதுங்கள். பிறகு எப்போதாவது திறக்கும்போது செதில் எல்லாம் அடியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். முந்தின நாளே டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் அடிவரை கரண்டியால் சுரண்டிக் கலக்கிய பிறகே ஊற்றுங்கள்.